செங்கய்யாவின் தமிழ்

விடுதி மேசையில் புதிதாக உட்காருகிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஒரு பெருமை வந்துவிடும். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்கிறோம், தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் சொல்கிறோம், வடக்கே இருந்து வந்தவரிடம் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசிச் சமாளிக்கிறோம், ஆகவே பாஷை நமக்கு ஒரு தடையே இல்லை என்ற பெருமை. எனக்கும் அது இருந்தது. அதைக் கீழே இறக்கி வைக்க ஒரே ஒரு வியாழக்கிழமை போதுமானதாக இருந்தது. அந்த வியாழக்கிழமையைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அறை ஒதுக்குவதையும் பதிவேடு எழுதுவதையும் வேறு யாராவது சொல்லித் தருவார்கள். இதைச் சொல்லித் தருவதற்கு ஆள் குறைவு.

நான் திருப்பதியில் ஒரு சத்திரத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த நாலாம் மாதம் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. 1953 அக்டோபர் முதல் தேதி, அதுவும் வியாழக்கிழமைதான். முந்தின நாள் வரை சென்னை ராஜ்யத்தில் இருந்த எங்கள் சித்தூர் ஜில்லா மறுநாள் காலையில் வேறு ராஜ்யத்தில் கண்விழித்தது. அதன்பிறகு ஆறரை வருஷம் எல்லைப் பேச்சு ஓயவில்லை. 1960 ஏப்ரல் முதல் தேதி, வெள்ளிக்கிழமை, திருத்தணிப் பக்கம் அங்கே போனது, சத்தியவேட்டுப் பக்கம் இங்கே வந்தது. இடைப்பட்ட காலத்தில் நகரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்து தினம் ஒரு எல்லைக்கோடு போட்டு அழித்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லும் சம்பவம் அந்த ஆறரை வருஷத்துக்குள் ஒரு கோடையில் நடந்தது. என் நோட்டில் முழுத் தேதியும் இருக்கிறது. அந்தக் குடும்பத்தாரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சத்திரத்தை நடத்தியவர்கள் தெற்கத்தித் தமிழர்கள். தங்க வந்தவர்களும் பெரும்பாலும் தெற்கத்தித் தமிழர்கள். பெருக்குகிறவர்கள், துணி வெளுக்கிறவர், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் சந்திரகிரி, வடமாலபேட்டைப் பக்கத்துத் தெலுங்கர்கள். நடுவில் நான். சித்தூர் ஹைஸ்கூலில் இரண்டு பாஷையும் படித்தவன். வந்தவர் கத்துவதைத் தெலுங்கிலும், வேலையாள் முனகுவதைத் தமிழிலும் மாற்றிக் கொடுப்பது என் வேலையில் பாதி.

ஆரம்பத்தில் நான் செய்த தப்பு, கத்தலையும் சேர்த்து மாற்றிக் கொடுத்தது. "வெந்நீர் எங்கேடா, செத்தா போனீங்க" என்று ஒருவர் கத்தினால், செத்துப்போனதையும் தெலுங்கில் சொல்லிவிடுவேன். பதினைந்து நாளில் எனக்கே புரிந்தது. வந்தவருக்கு வேண்டியது வெந்நீர்தான். அதை மட்டும் சொன்னால் அது சீக்கிரம் வருகிறது. கோபத்தை மேசையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் நமக்கு மேசை போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சீக்கிரமே கற்றேன் என்று நினைத்திருந்தேன். எங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் கன்னியம்மா எங்கள் பக்கத்துத் தமிழ்க்காரி. நகரிக்காரி. ஒருநாள் கும்பகோணத்து அம்மாள் ஒருவர் முகம் சிவந்து மேசைக்கு வந்தார்.

"உங்க தண்ணிக்காரி என்னைப் பார்த்து 'துன்னாச்சா'ங்கறா. நான் என்ன மாடா?"

எங்கள் ஊரில் அது சாப்பிட்டாயிற்றா என்ற விசாரிப்பு என்றும், வீட்டு மனிதரைத்தான் அப்படிக் கேட்பார்கள் என்றும் சொன்னேன். அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அவகிட்ட இன்னும் துன்னலைன்னு சொல்லுங்கோ" என்று சிரித்தபடி போனார். பின்னால் நின்ற கன்னியம்மாவுக்குத்தான் ஆறவில்லை.

"பசியான்னு கேட்டா கூடவா கோவம் நைனா? தெக்கத்தி ஆளுங்களுக்கு வயிறே கெடையாதா?"

அன்று என் நோட்டில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினேன். 'சொல்லைப் பிடித்துக்கொள்ளாதே, சொன்னவர் அதை எங்கே கற்றார் என்று பார்.' எழுதியதும் எனக்கு நான் ஒரு ஞானி போலத் தெரிந்தேன். அந்த வரியை எழுதிய கையால்தான் அடுத்து வருவதைச் செய்தேன்.

செங்கய்யா நாவிதர். மலைமேல் முடி கொடுக்கும் இடத்தில் முறை வைத்து வேலை செய்கிறவர்களில் ஒருவர். காலையில் மலைமேல் முறை முடித்துவிட்டு மத்தியானம் பஸ்ஸில் கீழே வருவார். எங்கள் சத்திரத்துப் பின்வாசலுக்குள் வேப்பமரத்தடியில் பலகை போட்டு, தங்கியிருப்பவர்களுக்குச் சவரம் செய்வார். உட்கார அனுமதி கொடுப்பதும் எடுப்பதும் என் கையில் இருந்தது. சம்பளம் கிடையாது. ஆனால் சாயங்காலம் கிளம்பும்போது மயிரைப் பெருக்கி அள்ளிவிட்டு, பின்வாசல் கதவை உள்ளே தாழ்போட்டு, முன்வாசல் வழியாகப் போவார். அதை யாரும் அவருக்கு வேலையாகச் சொன்னதில்லை. அவர் செய்கிறார் என்பதைக்கூட நான் கவனித்ததில்லை.

அவர் தெலுங்கு மட்டும் பேசுவார். தமிழ் யாத்திரிகர்களிடம் மட்டும் அஞ்சாறு தமிழ்ச் சொற்கள். கை சுத்தம் என்பதால், மலைக்குப் போகிற தமிழ்க் குடும்பங்களிடம் "செங்கய்யா என்று கேளுங்கள்" என்று நானே சொல்லி அனுப்புவேன்.

அந்த வியாழக்கிழமை அப்படி அனுப்பிய குடும்பத்தின் தலைவர் தஞ்சாவூர்ப் பக்கத்து அரிசி ஆலைக்காரர். சொந்தக் காரில் வந்தவர். சத்திரத்தை நடத்துகிறவர்களுக்கு வேண்டியவர். கூட அவருடைய தகப்பனார். எழுபத்தைந்து வயது. ஞாபகம் விட்டு விட்டு வரும். பேச்சும் குறைந்துவிட்டது. நெஞ்சு வரை வெள்ளைத் தாடி, பின்னால் குடுமி. விடியற்காலையில் அப்படித்தான் மலையேறினார். பதினொரு மணிக்கு அவரை மொட்டைத் தலையும் சந்தனமுமாகத் திருப்பி அழைத்து வந்தபோது, படிக்கட்டில் நின்ற என்னாலேயே அடையாளம் சொல்ல முடியவில்லை. பின்னாலேயே ஆலைக்காரர் வந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"ஏன் சார், நீங்க சிபாரிசு பண்ணின ஆளு எங்கப்பாவை என்ன சொன்னான் தெரியுமா?"

"என்ன சொன்னார்?"

"குனிங்கறான். ஆடாதங்கறான். கண்ணு கண்ணுன்னு நையாண்டி வேற. அதோட விட்டானா, அழாதங்கறான். எங்க ஊர்ல எங்கப்பாவுக்கு எதிர உட்கார ஆள் கிடையாது. உங்களுக்குன்னு ஒரு ராஜ்யம் வந்துட்டா நாங்க வந்து குனியணுமா?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். "திருத்தணியையே தரமாட்டேங்கறாங்க, தலையையா விடப்போறாங்க" என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். சிரிப்பு கூடக் கூட ஆலைக்காரர் குரல் ஏறியது. சத்திரத்துத் தலைமைக்கு எழுதுவேன் என்றார்.

நெருக்கடி என்றால் இப்படித்தான் வரும் தம்பிகளே. யோசிக்க நேரம் இல்லாதது போல வரும். உண்மையில் நேரம் இருந்தது. பின்வாசலுக்குப் போய் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? செங்கய்யா மலையிலிருந்து இறங்கி வரும்வரை ஒன்றரை மணி நேரம் எனக்குக் கிடைத்தது. அதை நான் என் வேலை போய்விடுமோ என்று பயப்படுவதில் செலவிட்டேன்.

செங்கய்யா வந்து பலகை போட்டு, ஒருவருக்கு ஒரு கன்னம் மழித்து முடித்திருந்தார். நான் போய் நின்றேன். எனக்குப் பின்னால் ஆலைக்காரர், அவருக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர்.

"இனிமேல் இங்கே உட்காராதே. பெட்டியை எடு," என்றேன் தெலுங்கில்.

அவர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "என் தப்பு என்ன அய்யா?"

"தெரியாத மாதிரிப் பேசாதே."

பிறகு கத்தியை இறக்கினார். உட்கார்ந்திருந்தவரின் மற்ற கன்னத்தையும் மழித்து முடித்தார். முகத்தைத் துடைத்துவிட்டார். கத்தியைக் கழுவித் துணியில் சுற்றி, பலகையை அக்குளில் இடுக்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகவே சந்தில் இறங்கிப் போனார். ஆலைக்காரர் என் தோளைத் தட்டினார். நான் மேசைக்குத் திரும்பி, விஷயத்தை முடித்தவன் போல உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கு ஆலைக்காரர் வெறும் பனியனோடு ஓடி வந்தார்.

"அப்பாவைக் காணோம் சார்."

பாய் காலியாக இருந்தது. முன்வாசலில் நான் இருந்தேன், அந்த வழியாகப் போகவில்லை. பின்னால் ஓடிப் பார்த்தோம். பின்வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வேப்பமரத்தடியில், பலகை இருந்த இடம் மட்டும் தனியாகத் தெரிந்தது. அங்கே ஒருவர் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருப்பார், யார் போனாலும் வந்தாலும் பார்ப்பார், கிளம்பும்போது தாழ்போடுவார் என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் பின்வாசலுக்குக் காவல் இருந்திருக்கிறது. அதை வேடிக்கை பார்த்த கூட்டத்துக்கு முன்னால் நானே எடுத்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல், குளத்தங்கரை எல்லாம் ஆள் அனுப்பினேன். ஆலைக்காரர் கண்ட இடத்தில் கண்டவரை நிறுத்தி, "வெள்ளைத் தாடி, பெரிய குடுமி" என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். அவர் மனசில் இருந்த அப்பா அப்படித்தான் இருந்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இப்ப அதெல்லாம் இல்லீங்களே."

அவர் தெருவைப் பார்த்தார். தெரு நிறைய மொட்டைத் தலைகள். கிழவர்கள், வேட்டி, நெற்றியில் நாமம், உச்சியில் சந்தனம். திருப்பதித் தெருவில் ஒரு மொட்டைக் கிழவரைத் தேடுவது எப்படி என்று எந்த ஊர் போலீசுக்கும் தெரியாது. பெரியவரிடம் பெயர் கேட்டாலும் சொல்லமாட்டார். ஊர் கேட்டாலும் சொல்லமாட்டார். யாராவது கையைப் பிடித்து அழைத்தால் கூடவே போய்விடுவார்.

கன்னியம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"மஞ்சத்துணி கூட்டம் ஒண்ணு பின்சந்துல போய்க்கினு இருந்திச்சி நைனா. கடப்பைப் பக்கத்து ஆளுங்க. ரேணிகுண்டா ரயிலுக்குன்னு பேசிக்கினு போனாங்க. அத்தினி பேரும் மொட்டை. பெரியவரு அதுல கலந்து போயிருந்தா நானே பாத்திருக்க மாட்டேன்."

"அங்க போனாலும் எப்படி கண்டுபிடிக்கறது கன்னியம்மா?"

"மொட்டைய அடிச்சவனுக்குத் தான தெரியும், எது தான் அடிச்ச மொட்டைன்னு. அந்தாளைத்தான் நீ தொரத்திட்டியே." பிறகு, நான் நகராததைப் பார்த்து, "ரெண்டு தெரு தள்ளித்தான் வூடு. கால் நோவாது, போ."

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஆலைக்காரருக்கு அப்பாவின் முகம் தெரியும். அந்தத் தலையைத் தாடியும் குடுமியும் இல்லாமல் ஒரு முழு நாழிகை கைக்குள் வைத்துப் பார்த்தவர் ஒருவர்தான்.

போகும் வழியில் ஆலைக்காரரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "அங்க நீங்க எதுவும் பேசக் கூடாது. கெஞ்சவும் வேண்டாம், பணத்தையும் எடுக்க வேண்டாம். நான் கேட்டு முடிக்கிற வரைக்கும் நில்லுங்க." அவர் தலையாட்டினார். காலையில் மேசையில் கையை ஊன்றி நின்றவர் போலவே இல்லை.

செங்கய்யா வீட்டு வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். நான் போய் எதிரில் நின்றேன். என் தெலுங்கு உத்தரவு போட நன்றாக வரும். எடு, வை, வா, போ, நாளைக்கு வா. அதில் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. இத்தனை வருஷம் அந்தப் பாஷையில் நான் பேசிய மனிதர்கள் எல்லாரும் எனக்குக் கீழே நின்றவர்கள். தட்டுத்தடுமாறி, ஒரு குழந்தை பேசுவது போலச் சொன்னேன்.

"உங்களைப் பத்துப் பேர் முன்னால் பேசிவிட்டேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அது தப்பு. அதனால் இதையும் பத்துப் பேர் முன்னால் சொல்கிறேன்."

அவர் தீட்டுவதை நிறுத்தினார். "இப்போதாவது சொல்லுங்கள். என் தப்பு என்ன?"

"இவருடைய தகப்பனாரை நீங்கள் 'குனி கண்ணு, ஆடாத' என்று சொன்னீர்கள். தமிழில் பெரியவர்களை அப்படிச் சொல்வதில்லை."

செங்கய்யாவுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. என்னையும் ஆலைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கப்பாவோடு மலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன் அய்யா. உங்கள் ஆட்கள் முடி கொடுக்க வரும்போது அப்படித்தான் சொல்கிறார்கள். தாய்மார்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, குனி கண்ணு, ஆடாத கண்ணு, அழாத, ஆச்சு ஆச்சு என்று சொல்வார்கள். நான் தமிழ் கற்றதே அவர்களிடம்தான். வேறு யார் எனக்கு உட்கார்ந்து சொல்லித் தந்தார்கள்? உங்கள் பாஷையில் அதைவிட நல்ல வார்த்தை இருக்காது என்று நினைத்தேன்."

சிவப்பு மையில் எழுதிய வரி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. கன்னியம்மாவின் 'துன்னாச்சா'வுக்கு அதை உபயோகித்தேன், ஏனென்றால் அது என் வீட்டுச் சொல். இவருக்கு உபயோகிக்கத் தோன்றவில்லை. நமக்குப் பழக்கமான பேச்சை நாம் மன்னித்துவிடுவதை உதாரகுணம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது வெறும் பழக்கம்தான்.

அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆலைக்காரருக்குத் தமிழில் சொன்னேன். அவர், "அழாதன்னு ஏன் சொன்னாராம்? அதைக் கேளுங்க," என்றார்.

கேட்டேன்.

"பெரியவர் அழுதார். தாடியில் கத்தி வைத்தபோது. சத்தம் இல்லை, கண்ணிலிருந்து மட்டும் வந்தது. இவர் பின்னால் நின்று சீக்கிரம் சீக்கிரம் என்றார். முன்னால் இருந்தவன் நான்தானே."

ஆலைக்காரருக்கு இதையும் சொன்னேன். பிறகுதான் செங்கய்யாவிடம் பெரியவரைக் காணவில்லை என்றேன். நான் முதலிலேயே சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. உதவி வேண்டும் என்று சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டால், மன்னிப்பு கூலி மாதிரி ஆகிவிடும். அப்படி ஆகவிடாதீர்கள். அதற்கு ஐந்து நிமிஷம் ஆகிறது என்றால் ஆகட்டும்.

செங்கய்யா ஒரு கணம் கூட நிற்கவில்லை. தீட்டிய கத்தியைப் பெட்டியில் போட்டு, பெட்டியோடு எழுந்தார்.

"இடது காதுக்குப் பின்னால் ஒரு கட்டி இருக்கிறது. பழைய கட்டி, மேலே தோல் மெலிசு. கத்தி பட்டால் ரத்தம் நிற்காது. அங்கே மட்டும் நகக்கண் அளவு முடியை விட்டுவிட்டேன். சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் விட்டேன். எத்தனை மொட்டை இருந்தாலும் எனக்குத் தெரியும்."

"அப்பாவுக்குக் கட்டியா?" என்றார் ஆலைக்காரர். அது அந்தக் குடுமிக்குக் கீழே எத்தனை காலமாக இருந்ததோ, அவருக்குத் தெரியாது.

ஆலைக்காரரின் காரில் போனோம். செங்கய்யா கதவருகே தயங்கினார். காரில் ஏறிப் பழக்கமில்லை, யார் பக்கத்தில் உட்காருவது என்றும் தெரியவில்லை. ஆலைக்காரர் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். என்ன சொல்லி ஏறச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை. கதவை விடாமல் பிடித்திருந்தார். அது போதுமானதாக இருந்தது. செங்கய்யா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார்.

ரேணிகுண்டா போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கடப்பைப் பக்கம் போகும் வண்டிக்கு மணி அடித்தாயிற்று. பிளாட்பாரம் முழுக்க மஞ்சள் துணிக்காரர்கள் மூட்டைகளோடு, வண்டி வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்தது எல்லாம் முதுகுகளும் மொட்டைத் தலைகளும்தான். சந்தனம் காய்ந்து உதிர்ந்த தலைகள், துண்டு போட்ட தலைகள். ஆலைக்காரர் ஒவ்வொருவர் முகத்துக்கும் முன்னால் போய்க் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். அவர்கள் பயந்து எழுந்தார்கள். ஒரு பெண் திட்டினாள்.

"அவரை நிற்கச் சொல்லுங்கள்," என்றார் செங்கய்யா. "எல்லாரும் எழுந்துவிட்டால் எனக்குத் தெரியாது. உட்கார்ந்தே இருக்கட்டும்."

ஆலைக்காரரை நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். செங்கய்யா பின்புறமாகவே, வரிசை வரிசையாக நடந்தார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு தலையின் இடது பக்கமும் அவர் பார்வை ஒரு வினாடி நிற்கும், பிறகு அடுத்தது. வண்டி தூரத்தில் கூவியது. மூட்டைகளைத் தூக்கத் தொடங்கினார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், மஞ்சள் துண்டு போர்த்திய ஒரு கிழவருக்குப் பின்னால் செங்கய்யா நின்றார். யாரோ இரக்கப்பட்டுப் போர்த்திய துண்டு. அதைக் காதருகில் ஒரு விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஆலைக்காரர் ஓடினார். "அப்பா, எங்கப்பா போனீங்க, ஏன்ப்பா இப்படிப் பண்ணினீங்க, எழுந்திருங்கப்பா," என்று தோளைப் பிடித்து இழுத்தார். பெரியவர் மகனைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. ரயில் உள்ளே வர வர அந்தச் சத்தத்தில் அவர் மேலும் மிரண்டு, குழாய்க் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கூட்டம் எங்களுக்கு நடுவே ஓடத் தொடங்கியது. இழுத்தால் கீழே விழுவார். விட்டால் கூட்டத்தோடு போய்விடுவார்.

செங்கய்யா பெட்டியைக் கீழே வைத்தார். பெரியவருக்கு எதிரில் குந்தினார். காலையில் எப்படி உட்கார்ந்திருப்பாரோ அப்படி. வலது கையை அந்தத் தலையின் மேல் விரித்து வைத்தார்.

பெரியவர் யாரென்று பார்க்கவில்லை. அந்தக் கை பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, தலையைத் தாமாகவே முன்னால் சாய்த்துக்கொடுத்தார்.

"ஆடாத கண்ணு," என்றார் செங்கய்யா. "அழாத. ஆச்சு, ஆச்சு."

கம்பியிலிருந்து ஒரு கை விட்டது, பிறகு இன்னொரு கை. கடப்பை வண்டி வந்து, நின்று, மஞ்சள் துணிக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். பிளாட்பாரம் காலியானதும் பெரியவர் கண்ணைத் திறந்தார். செங்கய்யாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கார் வரைக்கும் அந்தத் தோளை விடவில்லை. ஆலைக்காரர் நாவிதரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

யாத்திரைக் குறிப்புகளும் ஜில்லாக் கையேடுகளும் நான் நிறையப் படித்திருக்கிறேன். கோபுரத்தின் உயரத்தையும் படிகளின் எண்ணிக்கையையும் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். தன் தலையை மழித்தவரின் பெயரை எழுதியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று பட்டியல் போட மாட்டேன், ஒன்றை மட்டும் சொல்கிறேன். வேலை செய்கிறவர் நம் பாஷையைப் பேசினால், அந்தச் சொற்களை அவர் எங்கேயோ, யாரிடமோ, வேலைக்கு நடுவில் பொறுக்கியிருக்கிறார். உங்களுக்குக் குத்துகிறதா, அவரிடமே போய் ஒரு கேள்வி கேளுங்கள். தனியாகக் கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள். நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்கு ஒரு குடும்பம் ஒரு மனிதரை இழந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை செங்கய்யாவுக்கு மலைமேல் முறை இல்லை. காலையில் நானே அவர் வீட்டுக்குப் போய் அவரையும் அழைத்துக்கொண்டு, பலகையைத் தூக்கி வந்து வேப்பமரத்தடியில் போட்டேன். நேற்று வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் இருக்கும்போதே போட வேண்டும் என்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தேன். கன்னியம்மா குடத்தோடு போகிற போக்கில், "இன்னா நைனா, இன்னிக்கி நீயா சவரம் பண்ணப் போற?" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஆலைக்காரர் வந்தார். மலையில் அப்பாவுக்குத்தான் பிரார்த்தனை, அவர் முடி கொடுக்கவில்லை. தலையில் எண்ணெய் வைத்து வாரிய கிராப்பு அப்படியே இருந்தது. சட்டையைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டு, பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முகச்சவரத்துக்கு.

செங்கய்யா சோப்பு நுரையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். என்னைத் திரும்பிப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார்.

"இவருக்கு எப்படிச் சொல்ல வேண்டும்? சரியான வார்த்தையைச் சொல்லிக் கொடுங்கள்."

நான் ஆலைக்காரருக்கு அதைச் சொன்னேன். சரியான வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. 'கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள்' என்பது. ஆலைக்காரர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"எங்கப்பாவுக்குச் சொன்னதையே சொல்லச் சொல்லுங்க."

நான் அதைத் தெலுங்கில் சொல்லவில்லை. சொல்லாமலே செங்கய்யாவுக்குப் புரிந்தது. கையை அந்தக் கிராப்புத் தலையின் மேல் வைத்தார்.

"குனி கண்ணு."

ஆலைக்காரர் குனிந்தார்.